இரு தாயர்க்கு ஒரு பிள்ளை

பெருமாள் திருவீதி எழுந்தருளும்போது முன்னே அருளிச்செயல் கோஷ்டியும் பின்னே வேதபாராயண கோஷ்டியும் செல்வது நம் திவ்யதேசங்களின் வழக்கம். முன்னே தமிழ், பின்னே வடமொழி, நடுவே எம்பெருமான். இந்த முன்கோஷ்டியைச் சற்று ஊன்றி நோக்கும் சேவார்த்திகள் ஒன்றைக் கவனித்திருக்கக்கூடும். பெரியவர்களோடு ஒட்டி நடக்கும் சிறுவர் சிலர் கையில் உள்ள நாலாயிரப் புத்தகம் தமிழ் எழுத்தில் அச்சிடப்பட்டதாக இராது; கன்னட எழுத்திலோ தெலுங்கு எழுத்திலோ இருக்கும். மைசூரிலிருந்தும் மேல்கோட்டையிலிருந்தும் ஹாசனிலிருந்தும் பெற்றோருடன் வந்த பிள்ளைகள் அவர்கள். வீட்டில் பேசுவது ஒருவகைத் தமிழ். பள்ளியில் எழுதுவது கன்னடம். பாசுரமோ ஆழ்வார்களின் தமிழ், கன்னட எழுத்தின் வழியே வாய்க்கு வருவது.

அப்படிப்பட்ட பிள்ளையைப் பார்த்து, "நீ தமிழனா, கன்னடத்தானா?" என்று யாரேனும் ஒரு பெரியவர் அன்பாகவே கேட்டுவிடுவார். கேட்டவர் அடுத்த நிமிஷமே மறந்துவிடுவார். கேட்கப்பட்டவன் எளிதில் மறப்பதில்லை. மேல்கோட்டையில் கேட்டால் அவன் தமிழ்ப்பிள்ளை. ஸ்ரீரங்கத்தில் கேட்டால் கன்னடத்துப் பிள்ளை. இரண்டு இடத்திலும் அவன் வெளியூரான்.

இக்கேள்விக்கு ஸம்ப்ரதாயத்தில் ஆயத்தமான விடை ஒன்று உண்டு. ஆத்மாவுக்கு மொழியும் நாடும் குலமும் இல்லை. 'அடியேன்' என்பதே அதன் பெயர். எம்பெருமானுக்கு அடிமைப்பட்டிருப்பதே அதன் ஸ்வரூபம். இதில் ஐயமில்லை. ஆயினும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் இந்த வேதாந்த விடையை உடனே நீட்டுவது, பசியென்று வந்தவனிடம் ஆத்மா பசியற்றது என்று உபதேசிப்பது போலாகும். அவன் கேட்பது தேஹத்தோடும் நாக்கோடும் ஊரோடும் சேர்ந்த கேள்வி. அதற்கும் விடை நம் நூல்களிலும் நம் வரலாற்றிலும் இருக்கிறது என்பதைக் காட்டவே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

முதலில் கண்ணனையே எடுத்துக்கொள்வோம். ஆண்டாள் திருப்பாவையின் 25-ஆம் பாசுரத்தில் அவனை அழைக்கும்போது, அவன் ஒருத்திக்குப் பிறந்து அவ்விரவிலேயே மற்றொருத்தியின் பிள்ளையாக வளரப் போனதைத்தான் முதலில் எடுத்துப் பேசுகிறாள். பெற்றவள் பெயரையும் சொல்லவில்லை. வளர்த்தவள் பெயரையும் சொல்லவில்லை. இருவரையும் ஒரே சொல்லால், ஒரே தரத்தில் வைத்துப் பேசுகிறாள். வடமதுரையில் அரசர் குடியில் பிறந்தவன் ஆயர்பாடியில் இடையர் பிள்ளையாக வளர்ந்தான். கன்று மேய்த்தான், வெண்ணெய் உண்டான், உரலில் கட்டுண்டான். பெரியாழ்வார் யசோதையின் நிலையில் நின்று நீராட்டலும் காது குத்தலும் அம்புலி காட்டலுமாக அந்த வளர்ப்பை ஒவ்வொரு பருவமாகப் பாடினார். குலசேகராழ்வாரோ பெருமாள் திருமொழியின் ஏழாம் திருமொழியில் தேவகியின் நிலையில் நின்றார். மகன் தவழ்ந்ததையும் மழலை பேசியதையும் காணாத தாய், அத்தனையும் யசோதைக்கே வாய்த்தன என்று புலம்பும் புலம்பல் அது. இரு பண்பாடுகளுக்கிடையே வளரும் பிள்ளையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பிள்ளையின் கஷ்டத்தைத்தான் பேசுவார்கள். சொந்த மகனின் குழந்தைப் பருவம் இன்னொரு மொழியில், இன்னொரு முற்றத்தில் நடந்துவிட்டதே என்று ஏங்கும் தாயின் பக்கத்தைக் குலசேகரர் எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே கண்டுவிட்டார்.

கம்ஸவதத்திற்குப் பின் நடந்ததை ஸ்ரீமத் பாகவதத்தின் தசம ஸ்கந்தம் சொல்கிறது. வடமதுரைக்கு வந்த கண்ணனுக்கு அப்போதுதான் உபநயனம் நடக்கிறது. பிறகு அவந்திக்குச் சென்று ஸாந்தீபனி முனிவரிடம் குருகுலவாஸம் செய்கிறான். அதாவது, தான் பிறந்த குலத்துக்குரிய கல்வியை வளர்ந்த பிறகு புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. கற்றவுடன் அவன் முதலில் செய்த காரியங்களில் ஒன்று உத்தவரைக் கோகுலத்துக்கு அனுப்பியது. இடையர் வாழ்வைச் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ளிவிட்டு அவன் அரசிளங்குமரனாகவில்லை. பல்லாண்டுகள் கழித்து, ஸூர்யகிரஹணத்தின்போது குருக்ஷேத்திரத்தில் யாதவர்களும் ஆயர்களும் கூடுகிறார்கள். அங்கே தேவகியும் ரோஹிணியும் யசோதையைத் தழுவிக்கொண்டு, இமை கண்ணைக் காப்பதற்கு ஒப்பிட்டு அவள் செய்த உபகாரத்தைச் சொல்லி நன்றி பாராட்டுகிறார்கள். இருதலைப் பிள்ளையின் மனம் அமைதியுறுவதற்கு இதைவிடப் பெரிய நிமித்தம் வேறில்லை என்றே தோன்றுகிறது. தாயர் இருவரும் ஒருவரையொருவர் மதித்துவிட்டால், எவள் என் தாய் என்று பிள்ளை தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயமே எழுவதில்லை.

இனி, கன்னட நாட்டு ஸ்ரீவைஷ்ணவர்களின் கதைக்கு வருவோம்.

எம்பெருமானார் (மரபுப்படி 1017–1137) சோழ நாட்டில் நேர்ந்த உபத்திரவம் காரணமாக ஹொய்ஸள நாடு சென்று, திருநாராயணபுரம் என்னும் மேல்கோட்டையில் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் எழுந்தருளியிருந்தார் என்று குருபரம்பரை நூல்கள் கூறும். ஹொய்ஸள மன்னன் பிட்டிதேவன் விஷ்ணுவர்த்தனன் என்னும் பெயரோடு விளங்கியதும், 1117-இல் பேலூரில் சென்னகேசவர் திருக்கோயில் எழுந்ததும் அக்காலத்தவை. அவர் மீண்டும் ஸ்ரீரங்கத்துக்குப் புறப்பட்டபோது, அங்கே தங்கிவிட்ட ஐம்பத்திரண்டு அடியார்கள் பிரிவாற்றாது வேண்ட, தம் திருமேனி ஒன்றை அவர்களுக்கு அளித்துச் சென்றார் என்பது வரலாறு. அதுவே 'தமர் உகந்த திருமேனி'. ஸ்ரீபெரும்பூதூரில் உள்ளது 'தான் உகந்த திருமேனி'. திருவரங்கத்தில் உள்ளது 'தானான திருமேனி'. மூன்று பெயர்களையும் ஒருசேர வைத்துப் பாருங்கள். பிறந்த ஊரில் அவர் தாமே உகந்தது. வாழ்ந்து நிறைந்த ஊரில் அவரே ஆனது. அயல்மொழி நாட்டிலோ அவரைச் சேர்ந்தவர்கள் உகந்தது. ஆசார்யனைப் பிரிந்து வேற்றுமொழி பேசும் மண்ணில் நின்றுவிட்டவர்களின் அன்பே அந்தத் திருமேனிக்குப் பெயராயிற்று.

அவர்களுடைய வழித்தோன்றல்களும், பிற்காலங்களில் வெவ்வேறு காரணங்களால் அந்நாட்டில் குடியேறியவர்களுமாகச் சேர்ந்து மண்டயம், ஹெப்பார் முதலிய பிரிவினர் ஆயினர். நூற்றாண்டுகள் பல கழிந்தும் அவர்கள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். அது நம் பாடப்புத்தகத் தமிழும் அன்று. பட்டணத்துத் தமிழும் அன்று. கன்னடச் சொற்கள் நிறையக் கலந்தது. கேட்போர்க்குச் சில வேளை கன்னடமென்றே மயக்கம் தருவது. ஆனால் தளிகை அறைக்குள் சென்றால் கதை வேறு. அங்கே சாத்தமுதும் கறியமுதும் திருக்கண்ணமுதும் அக்காரவடிசிலும் இன்றும் அப்பெயர்களோடு வாழ்கின்றன. நம் ஊர்களிலோ ரசம், பொரியல், பாயசம் என்பவை அவற்றின் இடத்தைப் பல வீடுகளில் பிடித்துக்கொண்டன. தாய்நாட்டில் தேய்ந்த சொல் அயல்நாட்டில் காப்பாற்றப்படுவது மொழி வரலாற்றில் புதுமையன்று. கொடுத்ததும் உண்டு: நம் புளியோதரை கன்னட நாட்டில் 'புளியோகரெ' ஆகி, மேல்கோட்டையின் பெயரைத் தாங்கி ஊரெங்கும் விளங்குகிறது. (மடி ஆசாரத்துக்குப் பேர்போன குலத்தின் பெயர் இன்று பெங்களூர் வீதிகளில் ரொட்டிக் கடைப் பலகைகளில் 'ஐயங்கார் பேக்கரி' என்று விளங்குவதும் ஹாசன் பக்கத்து ஹெப்பார் குடும்பங்களின் கைங்கர்யந்தான். எம்பெருமான் லீலைகளில் இதையும் ஒன்றாகக் கொள்வோம்.)

இவ்வாறு இருமொழியில் வளர்ந்தவர்கள் இரண்டுங்கெட்டான்களாகப் போனார்களா? பெயர்களைப் பார்ப்போம். மாஸ்தி வேங்கடேச ஐயங்கார் 1891-இல் கோலார்ப் பகுதியில் தமிழ் பேசும் ஸ்ரீவைஷ்ணவக் குடும்பத்தில் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றவர். எழுதியதோ கன்னடத்தில். கன்னடச் சிறுகதையின் தந்தை என்று அந்நாட்டார் போற்றும் அவருக்கு 1983-ஆம் ஆண்டின் ஞானபீட விருது 'சிக்கவீர ராஜேந்திர' என்னும் நவீனத்திற்காகக் கிடைத்தது. கோரூர் ராமஸ்வாமி ஐயங்கார் ஹேமாவதிக் கரைக் கிராமத்தின் வாழ்க்கையைக் கன்னடத்தில் நகைச்சுவையோடு எழுதினார். மேல்கோட்டையிலேயே 1905-இல் பிறந்த பு.தி. நரஸிம்ஹாசாரோ கவிஞர். 'பு.தி.ந.' என்று கன்னட உலகம் அறிந்த அவர் பெயரின் முதலெழுத்துகளை விரித்தால் 'புரோஹித திருநாராயண நரஸிம்ஹாசார்' என்று வரும். கன்னடக் கவிதையின் ஒவ்வொரு தொகுதியிலும் அந்த 'தி' என்ற எழுத்துக்குள் திருநாராயணன் ஒளிந்து எழுந்தருளியிருக்கிறான்! அவருடைய இசைநாடகமான 'கோகுல நிர்கமன' கண்ணன் ஆயர்பாடியை விட்டு வடமதுரைக்குப் புறப்படுவதைப் பாடுவது. நாம் மேலே பேசிய அதே பிரிவுதான்.

எதிர்த்திசையில் வந்தவர்களும் உண்டு. பாரதியார் ஆசிரியராயிருந்த 'இந்தியா' பத்திரிகையை நடத்தியவர்கள் மண்டயம் குடும்பத்தார். தமிழ்த் தேசிய எழுச்சியின் அந்த ஏடு, கன்னட நாட்டு ஊர்ப்பெயரைத் தாங்கிய ஒரு குலத்தின் கைப்பொருளால் நடந்தது.

இவர்களுள் நம் கேள்விக்கு மிக நெருங்கியவர் ஏ.கே. ராமானுஜன். 1929-இல் மைசூரில் தமிழ் ஐயங்கார் குடும்பத்தில் பிறந்தவர். தந்தையார் மைசூரில் கணிதப் பேராசிரியர். அவர்கள் வீட்டில் ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு மொழி. கீழே அடுக்களையில் தாயாருடன் தமிழ். மாடியில் புத்தகங்கள் சூழ்ந்த தந்தையாருடன் ஆங்கிலம். வாசற்படி தாண்டினால் வீதியில் கன்னடம். பிள்ளை மாடிப்படி ஏறி இறங்கும்போதெல்லாம் மொழி மாறிக்கொண்டேயிருந்தது. தந்தையாரைப் பற்றி அவர் பின்னாளில் ஒரு கட்டுரையில் எழுதினார். வானவியலும் அறிந்த அந்தக் கணிதப் பேராசிரியர் ஜோதிஷத்திலும் வல்லவர். மேல்நாட்டுக் கணித அறிஞர்களும் உள்ளூர்ப் பஞ்சாங்கப் பண்டிதர்களும் அவரைத் தேடி வருவார்கள். அவர் பகவத்கீதையும் படிப்பார். பகுத்தறிவாளர் ரஸ்ஸலையும் படிப்பார். இவ்விரண்டையும் எப்படிச் சேர்த்துப் படிக்கிறீர்கள் என்ற தோரணையில் மகன் மடக்கினான். தந்தையார் கலங்கவில்லை, மூளைக்கு இரண்டு பாகங்கள் உண்டென்பது தெரியாதா என்ற பொருள்பட விடை கூறிவிட்டார். இந்த விடை அந்த இளைஞருக்கு அக்காலத்தில் ஏற்கவில்லை. இரண்டு உலகங்களையும் ஒன்றோடொன்று மோதவிடாமல் ஒருவர் எப்படி வாழ முடியும் என்பதே அவர் ஐயம். அந்த ஐயத்தையே அவர் ஆயுள் முழுவதும் ஆராய்ந்தார் என்று கூறலாம்.

1959-இல் அவர் அமெரிக்கா சென்றார். 1962-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். சேர்ந்த புதிதில், தாம் முறையாகக் கற்றிராத பழந்தமிழுக்கு இலக்கண நூல் ஏதேனும் கிடைக்குமா என்று நூலகத்தின் நிலவறையில் தேடியபோது, மஹாமஹோபாத்யாய சாமிநாதையரவர்கள் 1937-இல் உரையோடு பதிப்பித்த குறுந்தொகை கையில் அகப்பட்டதாம். பிறந்த வீட்டின் சமையலறைத் தமிழ் ஒன்றையே மூலதனமாகக் கொண்டிருந்தவர் ஸங்கத் தமிழைக் கடல் கடந்த தேசத்தின் நிலவறையில் கண்டெடுத்தார். அதன் பயனாக 1967-இல் குறுந்தொகைப் பாடல்களின் ஆங்கில ஆக்கம் வெளிவந்தது. 1973-இல் கன்னட வீரசைவ வசனங்களை ஆங்கிலமாக்கினார். 1981-இல் நம்மாழ்வாரின் பாசுரங்களை 'ஹிம்ஸ் ஃபார் தி டிரௌனிங்' என்ற பெயரில் வெளியிட்டார். மூழ்குவோர்க்கான பாசுரங்கள் என்பது அதன் பொருள். 'ஆழ்வார்' என்ற திருநாமத்துக்குப் பகவத் குணங்களில் ஆழ்ந்தவர் என்று நம் பெரியோர் கூறும் பொருளை உள்ளடக்கி வைத்த பெயர் அது. தம் சொந்தக் கவிதைகளை அவர் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதினார். 1993-இல் சிகாகோவில் மறைந்தார்.

அவர் ஆசாரம் வழுவாத வைஷ்ணவராக வாழ்ந்தவர் அல்லர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. கோயில் மலரில் அவர் பெயர் எதற்கு என்று சிலர் நினைக்கவும் கூடும். எத்தனையோ உரையாசிரியர்கள் வந்தனர்; ஆயினும் தமிழறியாத பல தேசத்து வாசகர்கள் நம்மாழ்வாரை முதன்முதல் அறிந்தது மைசூரில் மூன்று மொழிகளுக்கிடையே வளர்ந்த இந்தப் பிள்ளையின் கையால். ஒரே மொழியில், ஒரே தெருவில், ஒரு கேள்வியும் எழாமல் வளர்ந்த ஒருவருக்கு இந்தப் பணி தோன்றியிருக்குமா என்பது ஐயமே. சமையலறையிலிருந்து மாடிக்கும், மாடியிலிருந்து வீதிக்கும் சொற்களைச் சுமந்து பழகியவருக்கே குருகூரிலிருந்து சிகாகோவுக்குச் சுமக்கும் பழக்கம் கைவந்தது.

இப்படிச் சொல்லிக்கொண்டே போனால் இருமொழி வாழ்வு முழுவதும் பாக்கியமே என்று தோன்றிவிடும். அப்படியன்று. 1991 டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையை ஒட்டிப் பெங்களூரிலும் மைசூர்ப் பகுதியிலும் தமிழர்கள்மீது வன்முறை மூண்டது. காவிரி ஒன்றே, அது ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஒரு ரங்கநாதனையும் திருவரங்கத்தில் ஒரு ரங்கநாதனையும் சூழ்ந்து ஓடுகிறது. அதன் நீரின் பெயரால் மனிதர் தம் அண்டை வீட்டாரின் பேச்சுமொழியை உற்றுக் கேட்க வேண்டிய காலம் வந்தது. தமிழ் பேசும் வீடுகளில், வெளியே கன்னடத்திலேயே பேசு என்று பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்பிய நாட்கள் அவை. நூற்றாண்டுகளாக அந்த மண்ணில் வாழ்ந்த குடும்பத்துப் பிள்ளைக்கு, அடுக்களையில் பேசும் மொழி ஆபத்தானது என்று அன்று விளங்கியது. 'நீ எவன்?' என்ற கேள்வி அன்போடு கேட்கப்படுவதும் உண்டு. கையில் கல்லோடு கேட்கப்படுவதும் உண்டு. இரண்டாவது வகைக்குப் பிள்ளை பொறுப்பாளியல்லன். முதல் வகையைக் கேட்கிற நாமாவது சற்று யோசித்துக் கேட்கலாம்.

ஸம்ப்ரதாயமே இரு மொழிகளுக்கிடையே வளர்ந்தது என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். உபய வேதாந்தம் என்ற பெயரே அதற்குச் சான்று. திருவாய்மொழிக்கு முதல் வ்யாக்யானமாகிய ஆறாயிரப்படியைத் திருக்குருகைப்பிரான் பிள்ளான் எம்பெருமானாரின் நியமனத்தால் அருளிச்செய்தபோது, அதைத் தனித்தமிழிலும் எழுதவில்லை. தனி ஸம்ஸ்க்ருதத்திலும் எழுதவில்லை. மணியும் பவளமும் கோத்தாற்போன்ற மணிப்ரவாள நடையில் எழுதினார். இலக்கணப் பண்டிதர்கள் இரு பக்கத்திலும் இந்த நடையைக் குறைகூறியதுண்டு. வீட்டுத் தமிழில் கன்னடம் கலந்ததென்று அந்தப் பிள்ளையைக் குறைகூறுகிறவர்கள், தாம் படிக்கும் ஈட்டு வ்யாக்யானத்தின் ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டுக் குறைகூறட்டும்.

மொழி கடந்தவர்களை மட்டுமன்று, மதம் கடந்தவளையும் இந்த ஸம்ப்ரதாயம் தன் பிள்ளையாகக் கொண்டது. திருநாராயணபுரத்துச் செல்வப்பிள்ளையைப் பொம்மையாக வைத்து விளையாடிய டில்லி சுல்தானின் மகள், அவரைப் பிரிய மாட்டாமல் பின்தொடர்ந்து வந்து அவர் திருவடி சேர்ந்தாள் என்பது ஐதிஹ்யம். டில்லியில் சுல்தான்களின் ஆட்சி 1206-இல்தான் தொடங்கிற்று; ஆகவே எம்பெருமானார் காலத்தில் இது நிகழ்ந்ததாகக் கூறுவது காலக்கணக்கிற்குப் பொருந்தாது. பதினான்காம் நூற்றாண்டுப் படையெடுப்புகளுக்குப் பின் உருப்பெற்ற கதையாகலாம் என்பது வரலாற்றாசிரியர் பலரது கருத்து. அது எவ்வாறாயினும், மேல்கோட்டையில் பீபி நாச்சியாராகவும் ஸ்ரீரங்கத்தில் துலுக்க நாச்சியாராகவும் அவளுக்கு இடம் அளிக்கப்பட்டதும், ஸ்ரீரங்கத்தில் ரொட்டியும் வெண்ணெயும் அமுது செய்விக்கப்படுவதும் கதையல்ல, நடைமுறை. படையெடுப்பால் கோயில்கள் பாழ்பட்ட காலத்தின் நினைவை வைத்திருந்தவர்கள்தாம் அப்படையெடுத்தவர் வீட்டுப் பெண்ணைக் குறித்து இப்படி நினைத்தார்கள். அவளைப் புளியோதரைக்குப் பழகிக்கொள் என்று அவர்கள் சொல்லவில்லை. அவள் வீட்டு உணவையே பெருமாள் தளிகையில் சேர்த்துக்கொண்டார்கள்.

பெற்றோர்க்கும் கோயிலில் பிரபந்தம் சொல்லிவைக்கும் பெரியோர்க்கும் இரண்டொரு விண்ணப்பங்கள். பாசுரத்தின் பொருளைப் பிள்ளைக்கு எந்த மொழியில் எளிதில் விளங்குமோ அந்த மொழியிலேயே சொல்லுங்கள். தமிழில் சொன்னால்தான் புண்ணியம் என்பதற்கு ப்ரமாணம் இல்லை. ஆண்டாளின் சரிதத்தை 'ஆமுக்தமால்யத' என்ற காவியமாகத் தெலுங்கில் பாடியவர் விஜயநகரத்துக் கிருஷ்ணதேவராயர். அதனால் ஆண்டாளின் பெருமை குறைந்துவிடவில்லை. தெலுங்கு வழங்கும் திருமலையில் மார்கழி மாதம் முழுவதும் ஸுப்ரபாதத்தின் இடத்தில் திருப்பாவையே சேவிக்கப்படுகிறது. 1976-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் திருவேங்கடமுடையானுக்குக் கோயில் எழுந்தபின், ஆங்கிலமே முதன்மொழியான ஒரு தலைமுறை அங்கும் வளர்ந்துவிட்டது. அப்பிள்ளைகளுக்கு ரோமன் எழுத்தில் அச்சிட்ட திருப்பாவையே திருப்பாவை. எழுத்து எதுவாயினும் அர்த்தம் சொல்லிக்கொடுப்பது மட்டும் தவறக்கூடாது. அர்த்தமில்லாமல் உருவேற்றப்பட்டது பதினாறு வயதில் நாணத்தைத் தரும். இருபது வயதில் உதிர்ந்துவிடும்.

இன்னொன்று உச்சரிப்பைப் பற்றியது. கன்னட எழுத்தில் படிக்கும் பிள்ளை 'ஆழ்வார்' என்பதை 'ஆள்வார்' என்று சேவிப்பதைக் கேட்டுச் சிலர் முறுவலிப்பார்கள். பழைய கன்னடத்தில் ழகரமும் வல்லின றகரமும் இருந்தன. பிற்காலத்தில் அவ்வெழுத்துகள் வழக்கொழிந்து, ழகரம் பல சொற்களில் ளகரத்தோடு கலந்துவிட்டது. எனவே பிள்ளையின் நாவில் குற்றமில்லை. அவன் கற்ற நெடுங்கணக்கில் அந்த எழுத்து இன்றில்லை. ழகரத்தை ளகரமாகவும் யகரமாகவும் ஒலிப்பவர்கள் நம் தமிழ் மாவட்டங்களிலேயே லட்சக்கணக்கில் உண்டென்பதை முறுவலிப்பவர்கள் நினைப்பதில்லை. பொறுமையாக இரண்டு மார்கழி சொல்லிவைத்தால் ழகரம் தானே வந்துவிடும். அதுவரையில் ஒரு செய்தியை அந்தப் பிள்ளையின் காதில் போட்டுவைக்கலாம்: கல்வெட்டுகளில் 'ஆள்வார்' என்ற வடிவம் காணப்படுவதைக் கொண்டு, ஆட்கொள்பவர், தலைவர் என்னும் பொருளுடைய அதுவே பழைய வடிவம், 'ஆழ்வார்' பின்னர் வந்தது என்று அண்மைக்கால ஆய்வாளர் சிலர் வாதிடுகின்றனர்.